தெரியுமா? மாண்டலின் தோளில் ஒரு சுருள்... அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர்!

ஒரே பட்டறையில் செய்த இரண்டு மாண்டலின்கள். இரண்டுக்கும் ஒரே ரக ஸ்ப்ரூஸ் மேல்பலகை, ஒரே ரக மேப்பிள் கீழ்ப்பலகை, ஒரே கம்பி. செதுக்கியதும் ஒரே கை. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! என்ன காரணம் தெரியுமா? விலை கூடியதன் இடது தோளில் மரம் வளைந்து வளைந்து ஒரு சுருளாக முடிகிறது. வலப்பக்கம் இரண்டு கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மற்றதில் அவை இல்லை. அவ்வளவுதான்!

சுருள் வைத்தது 'எஃப்' ரகம். சுருளில்லாமல் துளி வடிவில் இருப்பது 'ஏ' ரகம். இன்றைய எஃப் ரகங்களில் அந்தச் சுருளுக்குள் பெரும்பாலும் திண்மையான மரக்கட்டைதான் இருக்கிறது. ஒலியை வளர்க்கும் காற்றறை அதற்குள் போவதே இல்லை. உள்ளே ஒரே மாதிரி செதுக்கிய ஏ-யையும் எஃப்-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று சொல்வது மகா கஷ்டம் என்பதை வாசிப்பவர்களில் பலரும் செய்பவர்களில் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் காசு எங்கே போகிறது? கூலிக்கு! சுருளின் ஓரம் நெடுக வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மெல்லிய பட்டைகளைச் சூடுகாட்டி வளைத்து, இம்மி இடைவெளி தெரியாமல் ஒட்ட வேண்டும். அந்தக் குறுகலான வளைவில் பெரிய இயந்திரத்துக்கு வேலையில்லை. சின்ன உளி, விரல்நுனி, பொறுமை. எஃப் ரகத்துக்கு ஒரு லாபம் உண்டு: உட்கார்ந்து வாசிக்கும்போது கீழ்முனை தொடையில் ஊன்றிக்கொள்ளும், வாத்தியம் நழுவாது. தோள்வாரை மாட்டவும் சுருள் தோது. ஆனாலும் காசை ஒலிக்காகவே செலவழிக்கிறவர் என்றால், என் ஓட்டு ஏ ரகத்துக்கே.

சுருளை யோசித்தவர் யார் தெரியுமா? செருப்புக் கடையில் எழுத்தர் வேலை பார்த்த ஒருவர்! ஓர்வில் கிப்ஸன், பிறந்தது 1856. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் குடியிருந்தார். அதுவரை மாண்டலின் என்றால் இத்தாலிய பாணிதான். மெல்லிய மரக்கீற்றுகளை வரிசையாக ஒட்டி, வீணைக்கு இருப்பதுபோலவே முதுகில் ஒரு குடம். கிப்ஸன் அந்தக் குடத்தையே தூக்கிப் போட்டார். வயலினில் செய்வது மாதிரி மேல்பலகையையும் கீழ்ப்பலகையையும் கட்டை மரத்திலிருந்து மேடாகச் செதுக்கினார். 1898இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1902இல் கலமசூவின் முதலீட்டாளர்கள் சிலர் அவர் பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். இன்று மின்சார கிட்டாருக்குப் பேர்போன அந்தக் கிப்ஸன் கம்பெனியின் முதல் பெயரில் 'மாண்டலின்' என்ற சொல்தான் முன்னால் நின்றது, கிட்டார் அதற்குப் பின்னால்தான்!

எட்டே கேள்வி, 256 பதில்!

சில ஆயிரம் டாலரை எடுத்துவைத்துவிட்டு உயர்தர மாண்டலின் தேடப் புறப்படுகிறவர் முதலில் சந்திப்பது திகைப்பு. டெக்ஸஸின் ஆஸ்டின் நகரில் காலிங்ஸ், அதே ஊரில் எல்லிஸ். மிச்சிகனில் நார்த்ஃபீல்ட். நாஷ்வில்லில் கிப்ஸன். டென்னஸியின் நாக்ஸ்வில்லில் லின் டூடன்பாஸ்டல் என்ற தனி மனிதரின் பட்டறை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டீபன் கில்கிறிஸ்ட். புகழ்பெற்ற தனிக் கைகள் செய்த எஃப் ரகம் ஒன்றின் விலை இருபதாயிரம் டாலரையும் தாண்டும்.

செய்பவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்ததா? அங்கேதான் ஆரம்பம்! ஏ ரகமா, எஃப் ரகமா? மேல்பலகையில் முட்டை வடிவ ஒற்றைத் துளையா, வயலினில் இருப்பது போன்ற இரட்டை எஃப் துளையா? மேல்பலகைக்குச் சிவப்பு ஸ்ப்ரூஸா, எங்கல்மன் ஸ்ப்ரூஸா? முதுகுக்குச் சர்க்கரை மேப்பிளா, அகல இலை மேப்பிளா? பூச்சு வார்னிஷா, லாக்கரா? மேல்பலகைக்கு அடியில் தாங்குசட்டம் இரண்டு கோடாக ஓடுகிறதா, பெருக்கல் குறியாகக் குறுக்கிடுகிறதா? கழுத்தின் தலைமாட்டு அகலம் 27 மில்லிமீட்டரா, 28.6 மில்லிமீட்டரா? விரல்பலகை தட்டையா, வளைந்ததா? எட்டுக் கேள்விதான். ஒவ்வொன்றுக்கும் இரண்டே பதில் என்று வைத்தால்கூட 256 விதமான மாண்டலின்! அதிலும் அந்த அகலக் கணக்கைப் பாருங்கள். வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர். எட்டுக் கம்பிகள் ஜோடி ஜோடியாக நெருங்கி நிற்கும் இடத்தில் அந்த 1.6 மில்லிமீட்டரை விரல் உடனே கண்டுபிடித்துவிடும். பெரிய கை உள்ளவருக்கு அகலக் கழுத்து வரப்பிரசாதம், சின்னக் கைக்கு அதுவே நீட்டி நீட்டி வலி. மரத்தின் பெயரைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு கையெழுத்து, ஒரு லட்சம் டாலர்

மாண்டலின் பித்துப் பிடித்தவர்கள் குரலைத் தாழ்த்தி உச்சரிக்கும் பெயர் ஒன்று உண்டு: லாயிட் லோர். 1919இல் கிப்ஸனில் சேர்ந்தார், 1924 முடிவில் விலகினார். இடைப்பட்ட அந்தச் சில வருஷங்களில்தான், 1922இல், 'எஃப்-5' என்ற மாடல் வந்தது. மாண்டலினில் முதன்முதலாக வயலின் பாணி எஃப் துளைகளை வைத்த கிப்ஸன் அதுதான். கழுத்து நீண்டது, விரல்பலகை மேல்பலகையைத் தொடாமல் உயர்ந்து நின்றது, அடியில் இரண்டு சட்டங்கள் நீளவாக்கில் ஓடின. தட்டிப் பார்த்து, காது கொடுத்து, பலகையையும் சட்டத்தையும் காற்றறையையும் சுருதி பார்த்த பிறகே வெளியே விட்டார்கள்.

அந்த எஃப்-5இன் ஒரு துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். மற்றத் துளைக்குள் பார்த்தால்? இன்னொரு சீட்டு! 'பரிசோதிக்கப்பட்டது, சுருதி சேர்க்கப்பட்டது, ஏற்கப்பட்டது' என்ற பொருளில் அச்சு வாசகம், தேதி, கீழே லோரின் கையெழுத்து. அந்தச் சீட்டுதான் தங்கம்! ஒரே நாளில் ஒரு கட்டு வாத்தியங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் '1923 ஜூலை 9 தேதி', '1924 பிப்ரவரி 18 தேதி' என்று தேதியைச் சொல்லியே இன்றைக்கு வாத்தியத்தை அடையாளம் காட்டுகிறார்கள்.

அதைவிட ஆச்சரியம்: லோர் மரம் செதுக்கும் கைவினைஞரே அல்ல! அவர் மாண்டலின் வாசிப்பவர், இசையமைப்பவர், ஒலியியல் தெரிந்தவர். பலகைகளைச் செதுக்கியவர்கள் கலமசூ தொழிற்சாலையின் தொழிலாளிகள். அவர்களில் யாருடைய பெயரும் அந்தச் சீட்டில் இல்லை.

இன்னும் கேளுங்கள். 1922இல் எஃப்-5இன் விலை 250 டாலர். இன்று லோர் கையெழுத்திட்ட எஃப்-5 நல்ல நிலையில் கிடைத்தால் ஒரு லட்சம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது! இதுவரை கண்டறியப்பட்டவை சுமார் 250 மட்டுமே. சுருள் இல்லாத ஏ-5இல் லோர் கையெழுத்திட்டது எத்தனை? உலகம் முழுக்கத் தேடியும் ஒன்றே ஒன்றுதான் தெரியவந்திருக்கிறது.

இத்தனை பெருமை கொண்ட வாத்தியம் வந்த புதிதில் எப்படிப் போனது தெரியுமா? போகவே இல்லை! மாண்டலின் மோகம் அமெரிக்காவில் அதற்குள் தணிந்துவிட்டது. ஜனங்கள் பான்ஜோவுக்குத் தாவியிருந்தார்கள். லோர் கம்பெனியை விட்டு விலகினார், பிற்பாடு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் பாடம் நடத்தினார், 1943இல் இறந்தார். தன் கையெழுத்தின் மதிப்பு என்ன ஆகப்போகிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்த மோகம் தொடங்கிய கதையும் விசித்திரம்தான். 1880இல் ஸ்பெயினிலிருந்து 'ஸ்பானிய மாணவர்கள்' என்ற பெயரில் ஒரு குழு அமெரிக்காவுக்குக் கச்சேரி செய்ய வந்தது. அவர்கள் வாசித்தது மாண்டலினே இல்லை, பண்டூரியா என்ற ஸ்பானிய வாத்தியம். கூட்டம் அலைமோதியது. கார்லோ குர்த்தி என்ற இத்தாலியர் பார்த்தார். இத்தாலிய வாசிப்பாளர்களைத் திரட்டி, அதே மாதிரி உடை போட்டு, கையில் மாண்டலினைக் கொடுத்து மேடையேற்றிவிட்டார்! ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கல்லூரிக்குக் கல்லூரி மாண்டலின் சங்கம், ஊருக்கு ஊர் மாண்டலின் ஆர்க்கெஸ்ட்ரா என்று அடுத்த முப்பது வருஷம் அந்த அலை ஓடியது.

நாவிதர் கடையில் கிடைத்த பொக்கிஷம்

எஃப்-5ஐ உச்சிக்குக் கொண்டுபோனவர் கெண்டக்கி மாநிலத்து ரோஸின் கிராமத்தில் 1911இல் பிறந்த பில் மன்றோ. 1940களின் நடுவில் ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த மாண்டலின் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 150 டாலர் கொடுத்து வாங்கினார். வரிசை எண் 73987. உள்ளே 1923 ஜூலை 9 என்ற தேதி, லோரின் கையெழுத்து!

மன்றோவின் குழுவுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர். அந்தப் பெயரே ஒரு இசை வகையின் பெயராகிவிட்டது: ப்ளூகிராஸ். அந்தக் குழுவில் தாளவாத்தியம் கிடையாது. தாளத்தைப் பிடித்தது மாண்டலின்! எட்டுக் கம்பிகளையும் அமுக்கி, மீட்டி, அடுத்த கணமே விரலைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிடுவார். அந்த 'சக்' என்ற வெட்டு ஒலிக்கு 'சாப்' என்று பெயர். எதிரடிக்கு எதிரடி அது விழ வேண்டும். மரம் அதற்கு உடனடியாகப் பதில் சொல்ல வேண்டும். லோரின் எஃப்-5 சொன்னது. மன்றோவைக் கேட்ட அத்தனை பேருக்கும் அதே வாத்தியம் வேண்டியிருந்தது. இன்று உலகத்தில் செய்யும் எஃப் ரகங்களில் பெரும்பாலானவற்றின் மூல வரைபடம் 1920களின் அந்த எஃப்-5தான்.

கோபக் கதை ஒன்றும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் மன்றோ தன் மாண்டலினைப் பழுது பார்க்கக் கம்பெனிக்கு அனுப்பினார். திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது, வந்த நிலையும் அவருக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கத்தியை எடுத்துத் தலைப்பகுதியில் சிப்பி பதித்திருந்த 'கிப்ஸன்' என்ற பெயரையே சுரண்டி எறிந்துவிட்டார்! அந்த வடுவோடே பல ஆண்டுகள் மேடையேறினார். 1980இல்தான் சமாதானம் ஆனது, கம்பெனியே தலைப்பகுதியைச் சீர்செய்து கொடுத்தது.

அதன்பின் நடந்தது கொடுமை. 1985 நவம்பரில் மன்றோ வீட்டில் இல்லாத நேரம் யாரோ உள்ளே புகுந்து, கணப்படுப்பு கிளறும் இரும்புக் கம்பியால் அவருடைய இரண்டு மாண்டலின்களை அடித்து நொறுக்கிவிட்டார்கள். 73987 சில்லுச் சில்லாகக் கிடந்தது. அள்ளி எடுத்துக் கிப்ஸன் கம்பெனியிடம் கொடுத்தார்கள். சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர் உட்கார்ந்தார். மேல்பலகை விரலளவு, நகமளவு, ஊசியளவு துண்டுகளாகிக் கிடக்கிறது. எந்தச் சிம்பின் நார் எந்தச் சிம்பின் நாரோடு ஓடுகிறது என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி, பசை வைத்து ஒட்டினார். நூற்றுக்கணக்கான துண்டுகள்! புதுப் பலகை வைத்துவிடலாம் என்று அவர் போகவில்லை, பழைய மரத்தையே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். 1986 தொடக்கத்தில் மாண்டலின் மன்றோவின் கைக்கு வந்தது. 1996இல் இறக்கும்வரை அது அவரோடு இருந்தது. இன்று நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். சுக்குநூறாகி ஒட்டிய பலகை மறுபடி பாடியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

சரி, லோர் வாங்க முடியாதவர் என்ன செய்வது? சாம் புஷ்ஷைப் பாருங்கள்! ப்ளூகிராஸை ராக் பக்கம் இழுத்துப்போன இந்த மகா கலைஞர் காலமெல்லாம் வாசித்தது 1937இல் செய்த கிப்ஸன். லோர் போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பிறந்தது. அதற்கு 'ஹாஸ்' என்று செல்லப் பெயர். இன்னொரு மாண்டலின் கலைஞர் கிறிஸ் திலீயோ லோர் வாங்குவதற்கு முன் டூடன்பாஸ்டல் செய்த புது மாண்டலினில்தான் பெயர் வாங்கினார்.

பழசு என்றால் உசத்தி என்ற நம்பிக்கையையே ஆட்டிப் பார்த்த சோதனை ஒன்று வயலின் உலகில் நடந்தது. 2010, இண்டியானாபொலிஸ். ஓட்டல் அறை, மங்கிய வெளிச்சம். 21 வயலின் கலைஞர்கள். கண்ணில் வெல்டிங் செய்பவர்கள் போடும் கண்ணாடி! பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று மோவாய்க்கட்டையில் வாசனைத் திரவியத் துளி! கொடுத்தவை மூன்று புது வயலின், மூன்று பழையவை. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி என்ற பழங்கால மேதை செய்தவை, ஒன்று குவார்னேரி என்ற மேதை செய்தது. வாசித்துப் பார்த்து, எதை வீட்டுக்கு எடுத்துப்போவீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் புதியதையே கேட்டார்கள்! எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பிடித்தது எது தெரியுமா? ஸ்ட்ராடிவாரிகளில் ஒன்று!

ஸ்ட்ராடிவாரி என்றதும் ஒன்று: அந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி மாண்டலினும் செய்திருக்கிறார்! இன்று எஞ்சியிருப்பதாகத் தெரிபவை இரண்டே. 1680 வாக்கில் செய்த ஒன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் வெர்மிலியன் ஊரிலுள்ள தேசிய இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயலின் மேதை பாகானினி வயலினைத் தொடுவதற்கு முன்பே குழந்தையாக மாண்டலின் கற்றார். பீத்தோவன் 1796இல் பிராகில் ஒரு கோமகளுக்காக மாண்டலின் துண்டுகள் எழுதினார். மோட்ஸார்ட்டின் 'டான் ஜியோவானி'யில் நாயகன் ஜன்னலடியில் நின்று பாடும்போது கூட ஒலிப்பது மாண்டலின். வயலினுக்கும் மாண்டலினுக்கும் ஒரே சுருதி வரிசை என்பதால் வயலினுக்கு எழுதியது எதையும் இதில் வாசிக்கலாம். திலீ 2013இல் பாக்கின் தனி வயலின் படைப்புகளை மாண்டலினில் பதிவு செய்தே காட்டிவிட்டார்.

எந்த இசை? அதைச் சொல்லுங்கள் முதலில்!

256 வழிகளும் சட்டென்று ஐந்தாறாகக் குறைய வேண்டுமா? கடைக்காரரிடம் 'எது உசத்தி' என்று கேட்காமல் 'நான் வாசிக்கப்போவது இது' என்று சொல்லுங்கள். ப்ளூகிராஸ் என்றால் எஃப் துளை. அந்த 'சாப்' அதில்தான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஐரிஷ் நடன மெட்டுகள் என்றால் பலர் முட்டைத் துளையைத் தேடுகிறார்கள். ஒலி வெதுவெதுப்பாக, கொஞ்சம் நீடித்து நிற்கும். இத்தாலிய மரபு என்றால் குடமுதுகு. நேப்பிள்ஸில் வினாச்சியா குடும்பம் 18ஆம் நூற்றாண்டிலேயே செய்தது. அந்தக் குடும்பத்து பாஸ்குவாலே வினாச்சியா 1835 வாக்கில் எஃகுக் கம்பிக்கு ஏற்றபடி அதை மாற்றியமைத்தார். காலாச்சே குடும்பம் இன்றும் நேப்பிள்ஸில் செய்கிறது. பிரேசிலின் ஷோரோ இசைக்கு 'பண்டோலிம்' என்று தனி உருவமே உண்டு. ஹாமில்டன் டி ஹொலாண்டா அதற்குப் பத்துக் கம்பி போட்டுக்கொண்டார்! உலக மேடைகளில் செவ்வியல் இசை வாசிக்கும் அவி அவிதல் கையில் இருப்பது லோரும் இல்லை, நேப்பிள்ஸும் இல்லை. இஸ்ரேலில் அரிக் கெர்மன் என்ற கைவினைஞர் செய்தது.

நம் ஸ்ரீநிவாஸ்? இங்கேதான் நாம் மார்தட்டிக்கொள்ளலாம். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையை ஊராக்கிக்கொண்டு, 2014இல் மறைந்த அந்த மேதை கையில் வைத்திருந்த மாண்டலின், மேலே சொன்ன எந்தப் பட்டியலிலும் சேராது! ஜோடிக் கம்பிகளை எடுத்துவிட்டார். ஐந்தே ஒற்றைக் கம்பி. காற்றறையே இல்லாத கட்டை உடம்பு, மின்சாரம். ஏன்? கமகம்! இரண்டு கம்பியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு வளையாது, சுருதி பிசகும். ஒற்றைக் கம்பி சொன்னபடி கேட்கும். அக்கூஸ்டிக் மாண்டலினில் ஸ்வரம் பிறந்த வேகத்தில் அடங்கிவிடும். ஒலிபெருக்கி அதை நீட்டித் தரும், அந்த நீட்டலில்தான் தோடியும் பைரவியும் அசைய முடியும். லட்சம் டாலர் லோரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் அவர் வாசித்த அந்த ஆலாபனை அதில் வந்திருக்காது. எந்த மாண்டலின் உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஸ்ரீநிவாஸின் பெயரைத்தான்.

பலகை, சிப்பம், குதிரை

உங்களுக்குத் தெரியுமா, செதுக்கிய மாண்டலினின் மேல்பலகையில் பெரும்பகுதி மரம் சீவல் சீவலாகத் தரையில்தான் கிடக்கும்! இரண்டு விரல் கனத்துக்கு நெருக்கமான ஆப்பு வடிவத் துண்டுகள் இரண்டை நடுவில் ஒட்டி, மேடு விட்டுச் செதுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது நடுவில் நாலைந்து மில்லிமீட்டர், ஓரத்தில் அதைவிடவும் மெல்லிசு. அந்த மெல்லிய பலகைக்கு மேலே ஓடும் எட்டுக் கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 75 கிலோ! ஓர் ஆளின் எடை!

லோர் காலத்து மாண்டலின்கள் சிலவற்றில் மேல்பலகைக்கு அடியில், உள்ளே தொங்கியபடி, ஒரு சின்ன மரவட்டு இருக்கும். நியூயார்க்கின் விர்ஸி சகோதரர்கள் ஒலி செழிக்கும் என்று கண்டுபிடித்தது. 'செழிக்கிறது' என்று ஒரு கட்சி, 'அமுக்குகிறது' என்று ஒரு கட்சி. பின்னாளில் பல சொந்தக்காரர்கள் அதைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். இப்போது பழைய பொருள் சேகரிப்பவர்கள் பிடுங்காமல் இருக்கிற லோரைத் தேடுகிறார்கள்!

இன்னொன்று. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், நம் வழக்கில் குதிரை, பசை போட்டு ஒட்டியதே அல்ல. கம்பியின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது! எட்டுக் கம்பியையும் ஒரே சமயம் கழற்றினால் கையோடு வந்துவிடும். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே மேல் ஸ்வரங்கள் சுருதி தப்பும். கடையில் பத்தாயிரம் டாலர் மாண்டலின் அபஸ்வரமாக ஒலிக்கிறதா? மரத்தைக் குறை சொல்வதற்கு முன் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்குக் கட்டு) விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் ஒலியைக் கேளுங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அமுக்கி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் குதிரை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதே கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அமுக்கிக்கொண்டு நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் கழுத்து சரி. கம்பி எம்பி நின்றால் கழுத்து வளைந்திருக்கிறது.

வாசித்துப் பார்க்கும்போது எல்லோரும் தமக்குத் தெரிந்த வேகமான உருப்படியை ஓட்டிக் காட்டுகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது! மிக மெதுவாக, மிகச் சன்னமாக ஒரு ஸ்வரத்தை மீட்டுங்கள். மட்டமான வாத்தியம் சன்னமாக வாசித்தால் வாயடைத்துப் போகும், நல்லது அப்போதும் முழுசாகப் பேசும். அப்புறம் மெல்லிய கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஏறுங்கள். பல மாண்டலின்களின் குட்டு உடைவது அங்கேதான். கடைசியாக, வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி எதிரே பத்தடி தள்ளி நில்லுங்கள். எஃப் துளை ஒலியை முன்னால் வீசுகிறது. உங்களுக்குக் கேட்பதும் சபைக்குக் கேட்பதும் ஒன்றல்ல.

மரத்துக்கு ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருந்தால் சுகம். சென்னைக் கடற்காற்றில் வைப்பவர்கள் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிப்பம் போட்டே ஆக வேண்டும்.

மீட்டும் பிக் பற்றித் தெரியுமா? முன்பு ஆமை ஓட்டில் செய்ததைத்தான் உசத்தி என்றார்கள். கடலாமைகள் அழியத் தொடங்கியதால் 1970களில் அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்தது. இன்று 'ப்ளூசிப்' என்ற பிக், தொழிற்சாலை இயந்திர பாகங்களுக்குப் பயன்படும் கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தது, ஒன்று 35 டாலருக்கு மேல்! ஒரு பிக்குக்கா என்று வாய் பிளப்பவர்கள் ஒரே மாண்டலினில் மெல்லிய பிக், தடித்த பிக் இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டிப் பாருங்கள். இரண்டு வாத்தியம் வாசித்த மாதிரி இருக்கும். அதனால் கடைக்குப் போகும்போது உங்கள் பிக்கை நீங்களே கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. மாண்டலினின் ஒலியைத் திருடுவது எது தெரியுமா? உங்கள் வயிறு! முதுகுப்பலகையும் அதிர வேண்டியதுதான். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசித்தால் அந்த அதிர்வு சட்டையில் அடங்கிவிடுகிறது. இதற்காகவே 'டோன்கார்டு' என்று ஒரு கம்பிக் கூடு விற்கிறார்கள். மாண்டலினின் முதுகில் கவ்வவைத்தால் பலகைக்கும் வயிற்றுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டுத் தாங்கிக்கொள்ளும். மாட்டிய மறுகணமே ஒலி கூடுவது காதுக்குத் தெரியும். ஆகவே இரண்டு மாண்டலின்களை ஒப்பிடும்போது ஒன்றில் கூடு இருந்து இன்னொன்றில் இல்லாமல் இருந்தால் ஒப்பிட்டுவிடாதீர்கள். இரண்டிலும் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டிலும் மாட்டச் சொல்லுங்கள், அப்புறம் மீட்டுங்கள்.